கடுகு போட்ட தோட்டா

அன்புள்ள ஐயா,
மஞ்சக்குப்பத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சேகரிப்பாளர் ஒருவரிடம் வாங்கிய, வெடிமருந்தில்லாத 303 துப்பாக்கித் தோட்டாக்களை ரம்பத்தாலும் அரத்தாலும் நெடுக்காக அறுத்துப் பலகையில் பொருத்துகிறேன். மருந்துக்குப் பதில் சாயமேற்றிய கடுகு, முனையிலுள்ள குண்டின் உட்புறத்துக்குப் பொன் பெயிண்ட். பித்தளை கறுக்காமலிருக்க எந்த வார்னிஷ்? போரைக் கொண்டாடுகிறேன் என்கிறாள் மனைவி. சரியா?
ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள தம்பி,

வார்னிஷை பெயிண்ட் கடைக்காரர் சொல்வார். மருந்தில்லை என்று விற்றவர் வாயால் சொன்னது போதாது. 1959 ஆயுதச் சட்டம் இருக்கிறது, வக்கீலைக் கேளுங்கள். சந்தேகமுள்ள எதன் மேலும் ரம்பம் படக்கூடாது.

ஈயம் அரத்தின் பல்லில் அப்பும், சாக்பீஸ் தேய்த்துக்கொண்டு ராவவேண்டும். அந்தப் பொறுமை உள்ள கை உங்களுடையது. அதே கை ஏன் ஐயா பொன் பெயிண்டை எடுத்தது?

303-இல் மார்க் ஏழு என்ற வகைக் குண்டின் மூக்கில் பெரும்பாலும் இருப்பது அலுமினியம். ஈயம் அதற்குப் பின்னால்தான். வால் கனம் என்பதால் உடலில் பட்டதும் குண்டு புரளும், காயம் பெரிதாகும். வெளியிலிருந்து இது தெரியவே தெரியாது. அறுத்தால்தான் தெரியும். அறுத்தீர்கள், பிறகு பூசி மறைத்தீர்கள்! பெயிண்ட் இல்லாமல் காட்டியிருந்தால் உங்கள் மனைவியின் கேள்வியே வேறாக இருந்திருக்கும்.

புதுச்சேரியில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், இருந்தார். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று மெடல்களோடு போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். அவர் மேசையில் பாதியாக அறுத்த லெபெல் துப்பாக்கித் தோட்டா ஒன்று கிடக்கும். 1898-இல் வந்த அந்த பிரெஞ்சுக் குண்டில் ஈயமே கிடையாது, முழுக்கப் பித்தளை. "உள்ளே ஒண்ணுமே இல்லையே தாத்தா" என்றேன். "அது தெரியத்தானே அறுத்தேன்" என்றார். அழகுக்காக அவர் எதையும் பூசவில்லை.

அப்புறம் கடுகு. பழைய 303-இல் மருந்து மணிமணியாக இருக்காது. கார்டைட், சேமியா மாதிரி நீளக் குச்சிகளாக, கட்டாக நிற்கும். முதுநகரில் வலைச் சாமான் விற்கும் கடையில் பழுப்பு நைலான் நரம்பு கிடைத்தால் வாங்கி நறுக்கி அடுக்குங்கள். தோட்டாவின் அடியில் ரோமன் ஏழுக்குப் பக்கத்தில் இசட் எழுத்து இருந்தால் மட்டும் கதை வேறு. அதில் மருந்து மணிகள்தான். அறுக்காத ஒன்று மிச்சமிருந்தால் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். இசட் இருந்தால் கடுகை மன்னித்துவிடுகிறேன். பெயிண்டை இன்றைக்கே தின்னர் போட்டுத் துடையுங்கள்.