முழுக்கைக்குள் ஒரு ரூமி

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. 'கேபாப் டீமன் ஹன்டர்ஸ்' என்ற கார்ட்டூன் படத்தை நெட்ஃப்ளிக்ஸில் இருபது தடவையாவது பார்த்திருப்பாள். பல் தேய்க்கும்போதே 'கோல்டன்' பாட்டுதான். "பேய்ப் படத்தைக் காட்டிப் பிள்ளையைக் கெடுக்கிறாய்" என்கிறார் மாமியார். பெரியவளானதும் கொரியா போய் ஐடல், அதாவது பாடி ஆடும் மேடை நட்சத்திரம், ஆகப்போகிறாளாம். போன வாரம் ஊதா ஸ்கெட்ச் பேனாவால் இடது கை முழுக்கக் கோடு கோடாக வரைந்துகொண்டு நின்றாள். ஆத்திரத்தில் இரண்டு அடி போட்டுவிட்டேன். அந்தக் கையில் அவளுக்கு ஒரு வருடமாக வெண்புள்ளி இருக்கிறது, வைத்தியம் பார்க்கிறோம். அடுத்த மாதம் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு முழுக்கை வைத்துப் பட்டுப்பாவாடை சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன். அதையும் போட மாட்டேன் என்று அடம். படத்தை நிறுத்திவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத தாய், கோவை

பதில்:

அன்புச் சகோதரி,

படத்தை நிறுத்த வேண்டாம். ஸ்கெட்ச் பேனாவையும் பிடுங்க வேண்டாம்.

மாமியார் விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம், அது சுலபம். கொரியாவில் முதாங் என்று சொல்லப்படும் பெண்கள் உண்டு. மேளதாளத்தோடு பாடி ஆடிச் சடங்கு செய்து, தெய்வங்களிடமும் ஆவிகளிடமும் பேசுகிறவர்கள். அந்த மரபைத்தான் படத்தில், பாட்டுப் பாடியே பேய் வேட்டையாடும் மூன்று பெண்களின் இன்றைய பாட்டுக் குழுவாக மாற்றியிருக்கிறார்கள். எதிரிகளாக வரும் பேய்ப் பையன்கள் கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டு ஆடுகிறார்களே, அது அந்த ஊர் எமதூதர்களின் உடுப்பு. உடுக்கையடித்துப் பேயோட்டுவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. ஒரு நாள் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த நீலப் புலியைக் காட்டுங்கள். தட்டிவிட்ட பூந்தொட்டியை நிமிர்த்தப் பார்த்து, அது மறுபடி சாய, மறுபடி நிமிர்த்தப் பார்க்கும் புலி. புலியும் மேக்பை பறவையும் சேர்ந்த படத்தைத் தீயது அண்டாமலிருக்க வருடப் பிறப்பில் வீட்டில் மாட்டுவது கொரியர்களின் பழைய வழக்கம். பேய்ப் படம் என்ற பேச்சு அங்கேயே பாதி அடங்கிவிடும்.

ஐடல் ஆசைக்கும் இப்போது தடை போட வேண்டியதில்லை. படத்தில் அந்த மூன்று பெண்களும் கச்சேரிக்கு முன்னால் விமானத்தில் உட்கார்ந்து மூக்குமுட்டச் சாப்பிடுகிறார்கள். நிஜ ஐடல்களின் சாப்பாட்டுத் தட்டு அப்படி இருப்பதில்லை. நிறுவனங்களில் வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தும் மேடையேறாமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அந்த மூவரில் நாயகியான ரூமிக்குப் பாட்டுக் குரல் கொடுத்திருக்கும் பாடகி இஜேயும் அப்படித் திரும்பியவர்தான். சிறுவயதிலிருந்து ஒரு பெரிய நிறுவனத்தில் பயிற்சி எடுத்தும் அவரை ஐடலாக மேடையேற்றவில்லை. பிறகு அவர் சேர்ந்து எழுதிப் பாடிய 'கோல்டன்' 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. உங்கள் மகளின் ஆசை பதிமூன்று வயதுவரை தாங்கினால் இதையெல்லாம் சொல்லுங்கள்.

இனி, அந்த ஊதாக் கோடுகள்.

உங்கள் கடிதத்துக்காகப் படத்தை இரண்டு தடவை பார்த்தேன். ரூமியின் அம்மா பேய் வேட்டைக்காரி, அப்பா பேய். அதனால் அவள் உடம்பில் ஊதா நிறத்தில் கோடுகள் இருக்கின்றன, வளர வளர அவையும் பரவுகின்றன. அம்மா இறந்த பிறகு அவளை வளர்க்கும் செலீன், இதை யாருக்கும் காட்டாதே என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிறாள். ரூமியும் எந்நேரமும் கையை மூடிக்கொண்டே அலைகிறாள். தோழிகள் இருவரும் பொதுக் குளியலறைக்குக் கூப்பிட்டால் ஏதோ சாக்குச் சொல்லி நழுவுகிறாள். கோடுகள் தொண்டை வரை ஏற, பாட வேண்டிய நேரத்தில் குரல் உடைந்து போகிறது.

இந்தக் கதையை இருபது தடவை பார்த்த பிள்ளை, வெண்புள்ளி இருக்கும் கையில் ஊதாக் கோடு போட்டுக்கொண்டு நிற்கிறாள். அதே பிள்ளை முழுக்கைச் சட்டை வேண்டாம் என்கிறாள். என் கணக்கு தப்பாகவும் இருக்கலாம், வெறும் விளையாட்டாகவே வரைந்திருக்கலாம். ஆனால் கடிதத்தில் இந்த மூன்றையும் அடுத்தடுத்து எழுதியது நீங்கள்தான்.

செலீன் கெட்டவள் இல்லை. அந்தப் பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கிறாள், ஊருக்குப் பயப்படுகிறாள், அவ்வளவுதான். படம் அவளைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுகிறது என்பது என் பெரிய குறை. அவளும் ரூமியும் மறுபடி உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு காட்சி வைத்திருக்கலாம். உங்களுக்கு அந்தக் காட்சி மிச்சமிருக்கிறது.

அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். "சாரிடா கண்ணு, அம்மா அடிச்சிருக்கக் கூடாது" என்றால் போதும், விளக்கமெல்லாம் வேண்டாம். அப்புறம் இருபத்தோராவது தடவை படம் ஓடும்போது கைபேசியை வைத்துவிட்டுக் கூட உட்காருங்கள். கடைசிப் பகுதியில் ஓர் இடம் இருக்கிறது. ரூமி தன் வாளையே செலீனிடம் நீட்டி, என்னை முடித்துவிடு என்று மண்டியிடுவாள். ஒன்பது வயதுக்கு அது கொஞ்சம் கனம்தான், அங்கே அவள் பக்கத்தில் நீங்கள் இருப்பது நல்லது. உபதேசம் எதுவும் வேண்டாம். "ரூமி ஏன் குளிக்கப் போகவே மாட்டேங்கிறா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். படம் முடியும்போது மூவரும் சேர்ந்து அந்தக் குளியலறைக்குப் போகிறார்கள். உங்கள் மகளுக்கு அது மனப்பாடமாகத் தெரிந்திருக்கும், அவளே சொல்வாள்.

வைத்தியத்தைத் தொடருங்கள். புள்ளிகள் இருக்கும் தோல் வெயிலில் சீக்கிரம் கன்றும் என்பதால், வெளியே போகும்போது என்ன பூசுவது, எதை மூடுவது என்று தோல் மருத்துவரிடம் அவள் முன்னாலேயே கேளுங்கள். வெயிலுக்காக மூடுவது வேறு, கல்யாண மண்டபத்துக்காக மூடுவது வேறு. அந்த வித்தியாசம் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். மண்டபத்தில் யாராவது ஒரு அத்தை "ஐயையோ, இது என்ன கையில?" என்று ஆரம்பிப்பார். "வெண்புள்ளி அத்தை, தொட்டா ஒட்டாது, குஷ்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டு நகர்ந்துவிடுங்கள். உங்கள் குரல் சாதாரணமாக இருக்க வேண்டும். மகள் அதைத்தான் கவனிப்பாள்.

தையல்காரர் இன்னும் கை வெட்டியிருக்க மாட்டார், இன்றே போன் போட்டு நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். முழுக்கையா, அரைக்கையா, பஃப் கையா என்று அவளையே கடைக்கு அழைத்துப்போய்ச் சொல்லச் சொல்லுங்கள். கடைசியில் அவள் முழுக்கையே இருக்கட்டும் என்றாலும் சரி, அப்படியே தைக்கட்டும்.