மாமாட படத்தக் காட்டி அவ கேட்டா?

கேள்வி: என்ட மகள் ஆண்டு 3. வெளிநாட்டில இருக்கிற சித்தி ஐ.நா.ட மனித உரிமைப் பிரகடனத்த சின்னப் புள்ளைகளுக்குப் படம் படமாக் கீறின புத்தகம் ஒண்டு அனுப்பியிரிக்கா. படம் எல்லாம் நல்ல வடிவு, ஆனா சித்திரவதை, சிறை எண்டு வாற பக்கங்கள என்ன செய்யிற? மாமியும் இப்பவே உரிமை எண்டு சொல்லிக் குடுத்தா நாளைக்கு வாய் காட்டுவாள் எண்டு நிக்கிறா. எங்கட வீட்டில மனித உரிமை எண்டாலே காணாமப் போன என்ட தம்பிட நினைவுதான் வரும், அதையும் கேட்டாளெண்டா?
- திருக்கோவில் வாசகி

பதில்: மாமிட கதைய முதல் முடிப்பம், அது லேசு. வாய் காட்டுவாள்தான், காட்டட்டும். புள்ளைகளுக்கெண்டே நாடுகள் ஐ.நா.வில செய்த ஒப்பந்தம் சிறுவர் உரிமைகள் சமவாயம், அதிட 12ம் உறுப்புரை புள்ளைட கருத்தக் கேக்கணும், வயசுக்கும் முதிர்ச்சிக்கும் ஏத்த மாதிரி மதிக்கணும் எண்டுதான் சொல்லுது, புள்ள கேட்டதெல்லாம் குடுக்கணும் எண்டு சொல்லல்ல. ஐஸ்கிறீம் கேட்டா இல்ல எண்டு சொல்லலாம், ஏன் எண்டும் சொல்லுங்க, அவ்வளவுதான். அந்தச் சமவாயத்த புள்ளைகளுக்கும் தெரியப்படுத்தணும் எண்டு 42ம் உறுப்புரையில இரிக்கு, இலங்கை 1991லயே ஏற்றுக்கொண்டது, மாமிக்கு இதையும் சொல்லிப் பாருங்க.

பிரகடனத்தில 30 உறுப்புரை இரிக்கு, ஒரே இரவில முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிச்சுத் தள்ள வேணாம். 26 கல்வி, 24 ஓய்வு, 15 நாட்டுரிமை, இதுகள்ள இருந்து தொடங்கலாம். எழுத்தக் கையால மறைச்சிட்டு "இதில என்ன நடக்குது மகள்?" எண்டு கேளுங்க. சித்திரவதைப் பக்கத்தில (அது 5வது) அவ "ஒராள் இன்னொராளுக்கு நோகப் பண்றார்" எண்டு சொன்னா அந்த வயசுக்கு அது காணும், ஓம் அப்பிடி யாரும் யாருக்கும் செய்யக்கூடாது எண்டு சொல்லிட்டு அடுத்த பக்கம் போகலாம். நாமதான் புள்ள சின்னதா ஒண்டு கேட்டா யுத்தம் முழுக்க அவிழ்த்துப் போடுறம், இல்லாட்டி "அது பெரியாக்கள்ட கதை" எண்டு புத்தகத்த மூடுறம்.

தம்பிட கதைய மறைக்காதீங்க. சுவரில படம் இரிக்கும், படத்தத் தூக்கிக்கொண்டு தாய்மார் ரோட்டில நிக்கிறதயும் அவ பாத்திரிப்பா, வீட்டில ஏதோ இரிக்கு எண்டு அவவுக்கு எப்பவோ விளங்கியிரிக்கும். மாமாட பேரச் சொல்லி, கட்டையா, உண்மையா மட்டும் சொல்லுங்க: மாமா காணாமப் போயிட்டார், எங்க எண்டு எங்களுக்கு யாரும் சொல்லல்ல, நாங்க இன்னும் கேட்டுக்கொண்டிரிக்கம். மறுகா 9வது பக்கத்த எடுத்துக் காட்டுங்க, யாரையும் நியாயமில்லாமப் பிடிச்சு அடைக்கக்கூடாது எண்டு அதில இரிக்கு. செத்திட்டாரா எண்டு கேட்டா, தெரியாட்டித் தெரியா எண்டே சொல்லுங்க. சொல்லக்குள்ள அழுகை வந்தா அழுங்க, மாமாவ நினைச்சு அழுறன் எண்டு சொன்னாக் காணும், இல்லாட்டி தான் கேட்டதாலதான் அம்மா அழுறா எண்டு புள்ள நினைக்கும். பகலில கதைங்க, படுக்கப் போற நேரத்தில வேணாம்.

எனக்கு எரிச்சல் வாற ஒரு விசயம், உரிமை ஒரு பக்கம் கடமை ஒரு பக்கம் எண்டு சோடி சோடியாப் போட்ட போஸ்டர்கள். அதப் பாத்த புள்ள குழப்படி செய்யாட்டித்தான் உரிமை கிடைக்கும் எண்டு நினைக்கும், பிரகடனத்திட முதலாவது உறுப்புரையோ பிறக்கக்குள்ளயே சுதந்திரமாத்தான் பிறக்கம் எண்டு சொல்லுது. அதால "நல்ல புள்ளயா இரிந்தாத்தான்" எண்டு தொடங்குற வசனத்த இந்தப் புத்தகத்துக்குக் கிட்டயும் கொண்டு வராதீங்க.

கேள்வி: இப்பிடிப் புத்தகம் தமிழில எங்க எடுக்கிற? விலையும் கூட.
- காத்தான்குடி வாசகர்

பதில்: முதல் உங்கட பொது நூலகத்தில சிறுவர் பகுதிய ஒருக்காப் போய்ப் பாருங்க. ரூம் டு ரீட் எண்டுற தொண்டு நிறுவனம் இலங்கையில தமிழில படக்கதை போடுறாங்க, ஸ்டோரிவீவர் தளத்தில தமிழ்ப் படக்கதைகள போனில சும்மாவே வாசிக்கலாம். மட்டையில மனித உரிமை எண்டு இரிக்கணும் எண்டு தேடாதீங்க, கால் ஏலாத புள்ளைய விளையாட்டில சேக்கிற கதை ஒண்டு காணும். காசில்லாட்டி பழைய கலண்டர்ட பின்பக்கத்தக் குடுத்து, வெள்ளென ஒழும்பினதில இருந்து படுக்கிற வரைக்கும் என்ன செய்யிற எண்டு பெட்டி பெட்டியா வரையச் சொல்லுங்க. சமவாயத்தில 31ம் உறுப்புரை விளையாட்டும் ஓய்வும் புள்ளைட உரிமை எண்டுது, புலமைப்பரிசில் கிளாஸ் போக அதுக்கு எத்தின பெட்டி மிஞ்சியிரிக்கு எண்டு ரெண்டு பேருமா எண்ணுங்க.