மருந்து உள்ளே போயும் செல் சாகவில்லையே, ஏன்?

கே: உறவினருக்கு வாய்ப்புற்று. சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினம் சேர்ந்த புற்றுமருந்தை மூன்று தவணை ஏற்றியும் கட்டி சுருங்கவில்லை. 'செல்லின் சமிக்ஞைப் பாதை காரணமாக இருக்கலாம்' என்கிறார் டாக்டர். மருந்து உள்ளே போனால் செல் செத்துத்தானே ஆக வேண்டும்?

ப: ஆக வேண்டியதில்லை. சிஸ்பிளாட்டின் டிஎன்ஏவைக் கெடுப்பதோடு சரி. சாவதா, பிழைப்பதா என்பது செல்லின் முடிவு.

ரத்தத்தில் குளோரைடு அதிகம், அதனால் மருந்து அங்கே அடங்கிக் கிடக்கும். செல்லுக்குள் குளோரைடு குறைவு. பிளாட்டினத்தில் ஒட்டியிருந்த குளோரைடு கழன்று, அந்த இடத்தில் நீர் உட்காரும். வீரியம் பெற்ற பிளாட்டினம், டிஎன்ஏவில் அடுத்தடுத்துள்ள இரண்டு குவானின்களை (டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்று) சேர்த்துக் கட்டிவிடும். செல் திணறும்போது பி53 புரதம் விழித்து, மைட்டோகாண்ட்ரியாவை ஓட்டையாக்கச் சொல்லும். அங்கிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிந்தால் செல்லின் கதை முடிந்தது.

புகையிலையால் வரும் வாய்ப்புற்றில் அந்த பி53 மரபணுவே பெரும்பாலும் பழுதாகியிருக்கும். போதாக்குறைக்கு, செல்லின் மேல் இஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி அளவுக்கு மீறி முளைத்திருக்கும். அது செல்லுக்குள் இருக்கும் பிஐ3கே என்ற நொதியை உசுப்ப, அந்த நொதி ஏகேடி என்ற இன்னொரு நொதியை உசுப்பும். ஏகேடி செய்வது சின்ன வேலைதான்: 'பேட்' என்ற சாவுப் புரதத்தில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். ஒட்டியதும் பேட், 14-3-3 என்ற புரதத்தின் பிடியில் சிக்கி, மைட்டோகாண்ட்ரியா பக்கமே போகாது. டிஎன்ஏ சிதைந்து கிடக்கும். செல் உயிரோடு இருக்கும். டாக்டர் சொன்ன சமிக்ஞைப் பாதை இதுதான். இந்தப் பாதைக்கு பிடென் என்ற பிரேக் உண்டு. அது தொலைந்த கட்டியில் ஏகேடி ஓய்வதே இல்லை.

கே: இஜிஎஃப்ஆரை அடைத்துவிட்டால்?

ப: செடுக்சிமாப் என்ற மருந்து அதற்குத்தான் வந்தது. திரும்பி வந்த அல்லது பரவிய தலை-கழுத்துப் புற்றில், பிளாட்டின மருந்து, 5-எஃப்யூ என்ற இன்னொரு கீமோ மருந்து இரண்டோடும் இதைச் சேர்த்த 2008 ஆய்வில் இடைநிலை ஆயுள் 7.4 மாதத்திலிருந்து 10.1 மாதமானது. ஆனால் தொண்டை, குரல்வளைப் புற்றுகளில் சிஸ்பிளாட்டின், கதிர்வீச்சோடு சேர்த்துப் பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. வாய்ப்புண்ணும் தோல் தடிப்பும்தான் கூடின. செல்லுக்கு மாற்றுவழிகள் உண்டு. 'மெட்' என்ற இன்னொரு ஏற்பி அதே ஏகேடியை எழுப்பிவிடும். பிஐ3கே மரபணுவிலேயே திரிபு இருந்தால், மேலே எதை அடைத்தாலும் கீழே ஓட்டம் நிற்காது.

கே: பயாப்சியிலேயே முன்கூட்டித் தெரியாதா?

ப: சிஸ்பிளாட்டின் கேட்குமா என்று சொல்லும் வழக்கமான பரிசோதனை எதுவும் இல்லை. பாதையைக் குறைசொல்லும் முன் மருந்து முழுதாகப் போனதா என்று பாருங்கள். கதிர்வீச்சோடு தருவதானால், உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 100 மி.கி. வீதம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அல்லது வாரந்தோறும் 40 மி.கி. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியதாலோ (சிறுநீரகம் தளர்வதன் அறிகுறி) காது மந்தமானதாலோ மொத்தம் சதுர மீட்டருக்கு 200 மி.கி.யைத் தொடாமலே நிறுத்தியிருப்பார்கள். அதைச் செல்லின் 'மருந்து எதிர்ப்பு' என்று சொல்ல முடியாது. தானாக வாங்கிச் சாப்பிடும் ஆன்டி-ஆக்சிடன்ட் மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். அவற்றில் ஒன்றான என்-அசெட்டைல்சிஸ்டைன், செல்லில் குளுட்டாதயோன் என்ற பொருளைக் கூட்டும். அது பிளாட்டினத்தை டிஎன்ஏவை எட்டவிடாமல் வழியிலேயே பிடித்துக்கொள்ளும்.