காப்பீட்டுப் படிவத்தில் சி50.4

உங்கள் கடிதத்தைப் படித்தேன். உங்கள் அம்மாவின் மார்பகப் புற்றுநோய் நான்காம் நிலை, அதாவது வேறு உறுப்புக்குப் பரவிய நிலை, என்று எந்த மருத்துவரும் எழுதவில்லை. காப்பீட்டுப் படிவத்தில் ‘சி50.4’ என்று இருப்பதைக் கைபேசியில் தேடிப் பார்த்த உங்கள் மகன், புள்ளிக்குப் பின்னால் நிற்கும் 4-ஐ நிலை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். மூன்று நாளாக வீட்டில் உலை வைக்கவில்லை என்கிறீர்கள்!

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் சி50 என்றால் மார்பகப் புற்றுநோய். புள்ளிக்குப் பிறகு வருவது கட்டி இருக்கும் இடம். 2 என்றால் நடுமார்பை ஒட்டிய மேல்பகுதி, 4 என்றால் அக்குளை ஒட்டிய மேல்பகுதி. இந்தக் கட்டிகள் அதிகம் தோன்றும் இடமே அதுதான். இடத்தைக் குறிப்பிடாவிட்டால் 9 போடுவார்கள். அதைப் பார்த்திருந்தால் உங்கள் மகன் ஒன்பதாம் நிலை என்றிருப்பார்.

மிளகளவு கட்டிக்கும் முற்றிய கட்டிக்கும் அதே சி50தான். நிலையைத் தெரிந்துகொள்ள நீங்கள் அனுப்பிய ஸ்கேன் அறிக்கையைப் படியுங்கள்: கட்டி 1.6 செ.மீ., அக்குள் நிணநீர் முடிச்சுகள் இயல்பு. 2 செ.மீ.க்குள் இருந்து, முடிச்சுகளுக்கோ வேறு உறுப்புக்கோ பரவாமல் இருந்தால் அது முதல் நிலை. அறுவை சிகிச்சையில் முடிச்சை எடுத்துப் பரிசோதித்த பிறகே அது உறுதியாகும். “இனி அறுத்து என்ன ஆகப்போகிறது” என்று அம்மா தேதியைத் தள்ளுவது இல்லாத ஒரு நான்காம் நிலையை நம்பித்தான்.

அம்மா பாசி எடுக்கக் கடலில் மூழ்கியதாலோ, ரவிக்கையை இறுக்கிக் கட்டியதாலோ இது வரவில்லை. கஞ்சிப்பாசி என்ற கடற்பாசியைக் கஞ்சியாகக் குடிக்கட்டும், கட்டி அதில் கரையாது. மார்பில் பற்றுப் போடவே கூடாது. வெந்து புண்ணான தோலில் கத்தி வைக்க அறுவை மருத்துவர் தயங்குவார், தேதி மறுபடி தள்ளிப்போகும்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கடிதத்தின் கடைசி வரி. உங்கள் வயது 46. இடது காம்பிலிருந்து ஒரு மாதமாக ரவிக்கையில் டீக்கறை போலப் படுகிறது, வலியில்லை, மருந்துக்கடையில் கேட்டு கேப்சூல் விழுங்குகிறீர்கள். இரண்டு பக்கமும், பிதுக்கினால் மட்டும், பால் நிறத்தில் வந்தால் நான் இவ்வளவு பதறமாட்டேன். ஒரே பக்கம், தானாக, ரத்தம் கலந்த நிறத்தில் கசிந்தால் அதைப் பரிசோதித்தே ஆக வேண்டும். வலியில்லை என்பது ஆறுதலே இல்லை.

பல நேரம் இது பால்குழாய்க்குள் வளர்ந்த சாதுவான மருவாக இருக்கும். சில நேரம் குழாய்ச் சுவரை இன்னும் தாண்டாத புற்றாக இருக்கும். அதற்குப் பட்டியலில் சி கூடக் கிடையாது, டி05 என்று தனி எண். அந்தக் கட்டத்தில் பிடித்துச் சிகிச்சை எடுத்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பிழைத்துவிடுகிறார்கள். கேப்சூல் அதன் பக்கத்தில்கூடப் போகாது, மாதத்தை வீணாக்கும்.

அம்மாவின் அறுவை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே பாம்பனில் காலை பஸ் ஏறி, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, ஸ்கேன் இரண்டும் தேவைப்படும். அம்மாவுக்கு நோய் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். அதுவரை காம்பைப் பிதுக்கிப் பார்க்க வேண்டாம். கறை பட்ட ரவிக்கை ஒன்றைத் துவைக்காமல் பையில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.