.22 பிஸ்டலில் தோட்டா ஏன் சிக்குகிறது?

கோவையில் சுடும் பயிற்சிக்குப் போகிறீர்கள், உங்கள் .22 (0.22 அங்குலத் தோட்டா போடும்) பிஸ்டலில் தோட்டா சரியாக ஏறுவதில்லை, சுட்ட பிறகு வெற்றுக் கூடும் பாதியில் மாட்டிக்கொள்கிறது என்கிறீர்கள்.

முதலில் குழல் முனை இலக்குப் பக்கமே இருக்க, மேகசினைக் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கழற்றி, சேம்பர் (சுடும் முன் தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணால் பாருங்கள். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

பெரும்பாலும் காரணம் அழுக்குதாங்க. .22 தோட்டாவின் ஈயக் குண்டில் பெரும்பாலும் மெழுகு பூசியிருக்கும். அதுவும் கரியும் சேம்பரில் படிந்து கூட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிரஷ் போட்டு நன்றாகத் துடையுங்கள். வெற்றுக் கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில் சேரும் கரியைப் பல்குச்சியால் எடுங்கள்; பலரும் விட்டுவிடும் இடம் அது.

இன்னும் சிக்கினால் வேறு வகைத் தோட்டா போட்டுப் பாருங்கள். வேகம் குறைந்த தோட்டா சில பிஸ்டல்களில் ஸ்லைடை (சுட்டதும் பின்னுக்குப் போய் வரும் மேல் பாகம்) முழுதாகப் பின்னுக்குத் தள்ளாது. மேகசினில் மேல் தோட்டாவின் அடி விளிம்பு கீழ்த் தோட்டாவின் அடி விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும்.

தோட்டா இல்லாமல் விசையை அழுத்திப் பழகியிருந்தால், தோட்டாவைத் தட்டிச் சுடவைக்கும் ஊசி பட்டு சேம்பர் விளிம்பு பிதுங்கியிருக்கலாம். சரி, கோவை கணபதிப் பகுதியில் அருமையான லேத் பட்டறைகள் உண்டே என்று அங்கே கொடுத்துவிடாதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி, உரிமம் பெற்றவர்தான் பழுதுபார்க்க வேண்டும்.