பனியன் கம்பெனி ஷெட்டுக்கு ஏசி போட்டால் கரண்ட் பில் கட்டுப்படியாகுமா?

கேள்வி: திருப்பூரில் 10,000 சதுர அடி தகர ஷெட். தையல், அயர்னிங், பேக்கிங் எல்லாம் அதற்குள்ளேதான். கோடையில் மதியத்துக்கு மேல் ஆட்களால் உட்கார முடியவில்லை. மொத்தத்துக்கும் ஏசி போடலாமா?

பதில்: கட்டுப்படியாகாது. அவ்வளவு பெரிய ஷெட்டுக்கு ஏசி என்றால் தோராயமாக 100 டன் கேட்கும். டன்னுக்கு ஒரு கிலோவாட் என்று வைத்தால்கூட 100 கிலோவாட். உங்கள் தையல் மெஷின்கள் எல்லாம் சேர்ந்தே அவ்வளவு இழுக்காது. தவிர, திருப்பூருக்கு அது தேவையும் இல்லை. கோவைப் பக்கம் நூல் மில்களில் காற்றுக்கு ஈரம் ஏற்றும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் பராமரிப்புதான் என் பிழைப்பு, அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் கூரை. உச்சி வெயிலில் தகரம் 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூடு கதிர்வீச்சாக நேரே தையல்காரர் தலையில் இறங்குவதால், ஃபேனை எவ்வளவு வேகமாக வைத்தாலும் எரிச்சல் அடங்காது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை மேலே அடியுங்கள். கையில் காசு இருந்தால் ஷீட்டுக்குக் கீழே இன்சுலேஷனும் போடலாம். பூச்சின் மேல் தூசி படிந்தால் பலன் குறைந்துவிடும், அவ்வப்போது கழுவ ஆள் வேண்டும்.

அடுத்தது நாமே உள்ளே உண்டாக்கும் சூடு. பழைய கிளட்ச் மோட்டார் இன்னும் இருக்கிறதா? பெடலை மிதிக்காவிட்டாலும் அது சுற்றிக்கொண்டே இருக்கும், தின்கிற கரண்ட் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். சர்வோ மோட்டார் மிதித்தால் மட்டும் ஓடும். அயர்னிங் டேபிளுக்குப் போகிற ஸ்டீம் பைப்பையும் பாருங்கள். முக்கால்வாசி இடங்களில் வால்வும், பைப்பை இணைக்கும் ஃபிளாஞ்சும் உறை இல்லாமல் மொட்டையாக நிற்கும். அயர்னிங்கைத் தையல் லைனுக்கு நடுவில் வைக்காமல் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிற சுவரோரம் தள்ளிவிட்டால், ஆவி ஷெட்டைச் சுற்றி வராமல் நேராக வெளியேறும்.

அப்புறம்தான் குளிர்ச்சி. உங்களுக்கு ஏற்றது டக்ட் வைத்த ஏர் கூலர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது கிட்டத்தட்ட 0.67 யூனிட் அளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அதற்கு ஆகிற கரண்ட் ஃபேனுக்கும் சின்ன பம்புக்கும் மட்டும்தான். ஏப்ரல் மதியம் 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது தண்ணீர் ஆவியாவதால் மட்டும் காற்று இறங்கக்கூடிய அடிமட்டம், 24 டிகிரி அளவில் இருக்கும். நல்ல பேட் (தண்ணீர் ஊறி நிற்க, காற்று நுழைந்து வரும் அட்டை) போட்ட கூலரிலிருந்து 27 டிகிரிக் காற்று வரும். இதே கூலரைச் சென்னையில், கடற்காற்று புழுங்குகிற நாளில் ஓட்டினால் இந்தப் பலனில் பாதிகூட வராது. உங்கள் ஊரிலும் ஐப்பசி மழையில் பம்பை நிறுத்திவிட்டு வெறும் காற்றை மட்டும் ஓட்டுங்கள்.

உங்கள் ஷெட் 15 அடி உயரம் என்றால், மணிக்கு 20 தடவை காற்று மாற 50,000 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோவாட்டில் முடிந்துவிடும்.

பலரும் கெடுப்பது இங்கேதான். கூலர் ஓடத் தொடங்கியதும் ஏசி மாதிரி நினைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அரை மணி நேரத்தில் சட்டை உடம்போடு ஒட்டும், பழி கூலர் மேல் விழும். எவ்வளவு காற்று உள்ளே வருகிறதோ அவ்வளவும் எதிர்ப் பக்கமாக வெளியே போக வேண்டும். சரி, தண்ணீர்? உப்பு அதிகமான போர் தண்ணீரை அப்படியே விட்டால் பேட் சீக்கிரமே வெள்ளை பூத்து அடைத்துக்கொள்ளும். தொட்டித் தண்ணீரில் கொஞ்சத்தை விடாமல் வடித்துப் புதுத் தண்ணீர் சேர்க்க ஏற்பாடு வேண்டும்.

இந்தக் காற்றை பேக்கிங் பக்கம் திருப்பாதீர்கள். ஈரம் ஏறிய துணியை பாலிபேக்கில் மூடி அனுப்பினால் கன்டெய்னருக்குள் பூஞ்சை பிடிக்கும். ஏசியை பேக்கிங், சர்வர் ரூம், ஆபீஸ் மூன்றுக்கும் மட்டும் தடுப்புச் சுவர் எழுப்பிப் போடுங்கள். அங்கேயும் 24 டிகிரிக்குக் கீழே வேண்டாம். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு.

கூலர் ஃபேனுக்கும் எக்ஸாஸ்டுக்கும் விஎஃப்டி, அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ், கட்டாயம் கேளுங்கள். மில்லில் நாங்கள் முதலில் கைவைக்கிற இடம் அதுதான். 50 ஹெர்ட்ஸில் ஓடும் ஃபேனை 40-க்குக் குறைத்தால் காற்று ஐந்தில் ஒரு பங்குதான் குறையும், கரண்ட் ஏறக்குறைய பாதியாகும். காலையிலும் நைட் ஷிப்டிலும் அந்த வேகம் தாராளம். கொட்டேஷனில் கூலர் வாயில் வருகிற சிஎஃப்எம்மைத்தான் போடுவார்கள். டக்ட் முழுக்க ஓடி கடைசி லைன் தையல்காரரிடம் எவ்வளவு வரும் என்று எழுதி வாங்குங்கள், ஓட்டிக் காட்டி ஒப்படைக்கிற கமிஷனிங் அன்று காற்று வேகம் அளக்கும் அனிமோமீட்டர் வைத்து அளந்து காட்டிய பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.