புது ஜீப், முதல் மழை: கூரை ஒழுகல் பற்றிய கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கமிருந்து ஒரே புலம்பல்தான் பல விதமாக வருகிறது: "புது வண்டி, அதுக்குள்ள ஒழுகுது." எல்லாமே எடுத்து ஒரு வருஷம்கூட ஆகாத ஆஃப்ரோடு வண்டிகள். புகார் சொன்னவர்களின் வண்டி எந்தக் கம்பெனி என்பதை எடுத்துவிட்டேன், விஷயம் பொதுவானது. நான் பார்ப்பது கதவு, கண்ணாடி, பீடிங் (கதவு, கண்ணாடி ஓரத்தில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர்), டிங்கரிங் வேலை. இன்ஜின் சந்தேகம் இருப்பவர்கள் அதற்கான ஆளைப் பிடியுங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து: அண்ணே, ஹார்டு டாப் (கெட்டிக் கூரை) வண்டி, எடுத்து ரெண்டு மாசம். போன வார மழையில் டிரைவர் கால்மாட்டில் தண்ணீர் நிற்கிறது. கூரை ஜாயின்ட்தான் என்று சொல்லி, சர்வீஸில் சிலிகான் அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். அடிக்கலாமா?

வேண்டாம் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். தண்ணீர் எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் நுழைகிறது என்று நினைப்பதில்தான் பாதிக் காசு வீணாகிறது. கூரையில் நுழைந்த தண்ணீர், கூரையைத் தாங்கும் தூண் உள்ளே இறங்கிக் கால்மாட்டுக்கு வரலாம். ஆனால் கூரைக்குச் சம்பந்தமே இல்லாமலும் கால்மாடு நனையும், அதுதான் அதிகம்.

முதலில் ஏசி. ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே வருகிறது. மழை இல்லாத நாளிலும் கார்பெட் நனைந்தால் இதுதான். தண்ணீர் நிறமாக, பிசுபிசுவென்று, லேசான இனிப்பு வாடையோடு இருந்தால் அது ஹீட்டரிலிருந்து வரும் கூலன்ட், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். அப்போது வண்டியை ஓட்டாதீர்கள், உடனே காட்டுங்கள்.

அடுத்தது, பானட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவே வைப்பர் உட்காரும் பள்ளம். வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. புளியமரத்தடி என்றால் எனக்குப் பாதி பதில் தெரிந்துவிட்டது. புளிய இலை ஒவ்வொன்றும் நகத்தளவு, கண்ணாடிக்கு அடியில் இருக்கும் ஜல்லடையில் நேராக நுழைந்துவிடும். உள்ளே போய் நம்ம ஊர்ப் புழுதியோடு சேர்ந்து கறுப்புக் களிம்பாகி, இரண்டு ஓரத்திலும் உள்ள வடிகால் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். பள்ளம் நிறைந்ததும் தண்ணீர் ஏசி காற்று இழுக்கும் வாய் வழியாகவோ, வயர் போகும் ரப்பர் வழியாகவோ உள்ளே இறங்கும். ஜல்லடையைக் கழற்றி, விரல் விட்டு இலையை அள்ளி எடுத்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் டயருக்குப் பின்னால் கொட்ட வேண்டும்.

மூன்றாவது கதவு. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் போவது இயல்புதான், கதவின் அடியில் அதற்கென்று ஓட்டைகள் இருக்கும். உள் டிரிம்முக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருப்பார்கள். ஸ்பீக்கர் மாற்றுகிறவர்கள் அதைப் பிய்த்துவிட்டுத் திரும்ப ஒட்டுவதே இல்லை. புது வண்டி எடுத்ததும் சவுண்ட் சிஸ்டம் மாற்றினீர்களா? மாற்றியிருந்தால் அங்கே முதலில் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் கூரை. சிலிகானுக்கு வருகிறேன். வினிகர் வாடை அடிக்கும் சாதா சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். பெயின்ட் உரிந்த இடத்தில் பட்டால் துருப் பிடிக்க அதுவே போதும். பிறகு அந்த இடத்தில் பெயின்ட்டும் ஒட்டாது, நல்ல சீலன்ட்டும் ஒட்டாது. நுழையும் வாயை விட்டுவிட்டு வெளியேறும் வாயை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தங்கும், அது இன்னும் மோசம். வாரன்ட்டி இருக்கும் வண்டியில் பீடிங்கைக் கழற்றி ஒழுங்காக உட்கார வைக்கச் சொல்லுங்கள், இல்லை மாற்றச் சொல்லுங்கள்.

காட்பாடியிலிருந்து: சார், எங்கே ஒழுகுகிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், ஒரு ஹோஸ் பைப்பும் இன்னொரு ஆளும் போதும். மிதியடியை எடுத்துவிட்டு, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். வெளியே இருப்பவர் கீழிருந்து மேலே போக வேண்டும். கதவின் அடி, பிறகு கதவின் நடு, பிறகு கண்ணாடி ஓரம், கடைசியில்தான் கூரை. மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து எதுவுமே தெரியாது. ஒரு இடத்தில் நாலைந்து நிமிஷம் மெதுவாக விடுங்கள், அவசரப்பட்டு நகராதீர்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை மட்டும் எடுக்காதீர்கள். அந்த வேகத்துக்கு நல்ல பீடிங்கும் வழிவிடும், இல்லாத ஓட்டையைக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்வீர்கள்.

சந்தேகப்படும் இடத்துக்குக் கீழே உள்பக்கம் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவிவிடுங்கள், தண்ணீர் வந்த தடம் கோடாகத் தெரியும். தட்டையான இடத்தில் ஒன்றும் வரவில்லை என்றால் வண்டியை மழையன்று எந்தச் சரிவில் நிறுத்தியிருந்தீர்களோ அதே சரிவில் நிறுத்தித் திரும்பச் செய்யுங்கள். முன்பக்கம் சாய்ந்து நிற்கும்போது மட்டும் ஒழுகும் வண்டிகள் உண்டு.

ஆம்பூரிலிருந்து: சாஃப்ட் டாப் (துணிக் கூரை) வண்டி எடுத்திருக்கிறேன். தையல் ஓரமாக உள்ளே ஈரம் கசிகிறது. எங்கள் ஊரில் தோல் தைக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. இன்னொரு தையல் போட்டுவிட்டால் நின்றுவிடாதா?

ஆம்பூர்க்காரர்கள் கைத்தொழிலில் எனக்குச் சந்தேகமே இல்லை பாய். ஆனால் ஊசி குத்தும் ஒவ்வொரு இடமும் ஒரு புது ஓட்டை. ஷூவுக்குத் தேவையானது இழுத்தால் பிரியாத தையல். கூரைக்குத் தேவையானது தண்ணீர் விடாத தையல். இரண்டும் வேறு வேலை.

முதலில் துணி சரியாக இழுத்து மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தொய்வாக இருந்தால் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, தேங்கிய இடத்தில் மட்டும் தையல் வழியாக இறங்கும். பட்டன், பெல்ட், முன் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டும் பகுதி எல்லாவற்றையும் கழற்றி, வெயிலில் கொஞ்ச நேரம் விட்டுத் திரும்ப மாட்டுங்கள். சூட்டில் துணி இளகும், இழுத்து மாட்டச் சௌகரியம். நம்ம ஊரில் வெயிலுக்கா குறைச்சல்! அப்புறமும் கசிந்தால் ஷோரூமில் எழுதிக் கொடுங்கள். வாரன்ட்டி முடிந்த வண்டி என்றால் உள்பக்கத் தையல் மேல் கூடாரத்துக்குப் பூசும் சீம் சீலர் தடவலாம்.

ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள், ரெண்டே நாளில் பூஞ்சை பிடித்துக் கறுப்புப் புள்ளி விழும், அது போகாது. பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஜன்னலைக் காய்ந்த துணியால் துடைத்தாலும் கீறல்தான், தண்ணீர் ஊற்றிப் புழுதி போன பிறகு துடையுங்கள். தோலுக்குப் போடும் பாலிஷ், தின்னர் எதையும் அதன் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

திருப்பத்தூரிலிருந்து: ஏலகிரியில் ராத்திரி வண்டிக்குள்ளேயே தூங்கினோம், மூன்று பேர். காலையில் ஹார்டு டாப் உள்பக்கம் முழுக்கத் துளித்துளியாகத் தண்ணீர். மழையே இல்லை. என்ன கோளாறு?

கோளாறு இல்லை. மூன்று பேர் விட்ட மூச்சு, மலைக் குளிரில் கூரையில் பட்டுத் தண்ணீராகியிருக்கிறது. உள்ளே லைனிங் இல்லாத கூரையில் இது நன்றாகவே தெரியும். இரண்டு பக்கமும் கண்ணாடியை விரலளவு இறக்கிவிட்டுத் தூங்குங்கள். முழுசாக இறக்கினால் குரங்கு வரும். அதுகள் பீடிங்கைப் பிய்ப்பதில் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து: சன்ரூஃப் உள்ள மாடல். மழை விட்ட பிறகு ஒரு வளைவில் திரும்பினேன், மேல் விளக்குப் பக்கத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மடியில் கொட்டியது. சன்ரூஃப் ரப்பரை மாற்ற வேண்டுமா?

அநேகமாக ரப்பர் இல்லை சார். சன்ரூஃப் ரப்பர் தண்ணீரை முழுசாகத் தடுக்கும் என்று யாரும் வடிவமைப்பதில்லை. கொஞ்சம் உள்ளே வரும், வந்தது சுற்றியிருக்கும் வாய்க்காலில் விழும், மூலைகளில் உள்ள குழாய்கள் வழியாகத் தூண்களுக்குள் இறங்கி வண்டிக்கு வெளியே போகும். உங்களுக்கு அந்தக் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது மாட்டிய இடத்தில் கழன்றிருக்கிறது. வாய்க்காலில் தேங்கிய தண்ணீர்தான் திரும்பும்போது சாய்ந்து கொட்டியது.

சன்ரூஃபைத் திறந்து, முன் மூலையில் அரை டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். சில நொடியில் வண்டிக்குக் கீழே சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் கயிறை மெதுவாக உள்ளே விட்டு எடுக்கலாம். காற்றுப் பம்ப் வைத்து ஊதச் சொல்வார்கள், வேண்டாம். அழுத்தத்தில் குழாய் உள்ளே கழன்றால் கூரை லைனிங்கையே இறக்க வேண்டி வரும்.

குடியாத்தத்திலிருந்து: அண்ணா, பீடிங்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் மிருதுவாக இருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். தடவலாமா?

கூடாதும்மா. எண்ணெய், கிரீஸ், டீசல் எல்லாம் அந்த ரப்பரை ஊற வைத்துத் தளர்த்திவிடும், மேலே புழுதியும் அப்பும். ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். மேலே திட்டிய சிலிகான் வேறு, இது வேறு. அக்னி நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்கு முன்னால் ஒரு தடவை போதும்.

போளூரிலிருந்து: ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மண் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்ததிலிருந்து பின்கதவுப் பக்கம் கடகடவென்று சத்தம், அங்கேயே லேசாக ஒழுகலும் இருக்கிறது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கும். இந்த வண்டிகளில் ஏணிச் சட்டத்தின் மேல் பாடி உட்கார்ந்திருக்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்திலும் எதிர்ச்சக்கரம் மேட்டிலும் இருந்தால் மொத்தமும் கொஞ்சம் முறுக்கும். ஹார்டு டாப் போல்ட் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கலாம், பின்கதவுப் பூட்டின் கொக்கி நகர்ந்திருக்கலாம். ஸ்டெப்னி வேறு அந்தக் கதவில்தானே தொங்குகிறது, கீலுக்கு எப்போதும் பாரம்.

ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே இறுக்கமாக வர வேண்டும், வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில்தான் இடைவெளி. போல்ட்டைக் கைக்கு வந்த மட்டும் முறுக்காதீர்கள், ஃபைபர் கூரை விரிசல் விடும். டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பானர்) வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். வண்டி முறுக்கிக்கொண்டு நிற்கும்போது படம் எடுக்க என்று கதவைத் திறந்து மூடும் பழக்கத்தையும் விடுங்கள்.

ஆரணியிலிருந்து: கூரையில் கேரியர் மாட்ட ஓட்டை போட வேண்டும் என்கிறார் கடைக்காரர்.

வேறு கடை பாருங்கள். மாருதி ஜிம்னி மாதிரி கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் விளிம்பு இருக்கும் வண்டிகளில் கிளாம்ப் போட்டே மாட்டலாம். ஃபைபர் கூரையில் ஓட்டை போட்டால் ஒழுகலுக்கு வாரன்ட்டி கேட்க முடியாது. கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று வண்டிப் புத்தகத்தில் இருக்கும், அதில் கேரியரின் எடையும் சேரும்.

வாலாஜாவிலிருந்து: ஒழுகல் தொல்லையே வேண்டாம் என்று சாஃப்ட் டாப்பை எடுத்துவிட்டு வெளியே செய்த ஹார்டு டாப் போட்டுவிடலாமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு குறுக்கே வரும். உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வெளியே செய்த கூரை ஒழுகாது என்று யார் சொன்னது?

மேல்விஷாரத்திலிருந்து: 650 மில்லிமீட்டர் தண்ணீரில் போகும் என்று போட்டிருக்கிறான். அப்படியென்றால் கதவு வழியாகத் தண்ணீர் வரக் கூடாதுதானே?

மஹிந்திரா தாருக்கு 650, ஃபோர்ஸ் கூர்க்காவுக்கு 700 மி.மீ. என்று கம்பெனி சொல்வது, அவ்வளவு ஆழம்வரை வண்டி கடந்து போகும் என்ற கணக்கு. உள்ளே நனையாது என்ற உத்தரவாதம் அதில் இல்லை. கதவு பீடிங் மேலிருந்து வழியும் மழைக்கு, நிற்கும் தண்ணீரின் அழுத்தத்துக்கு அல்ல. அந்த எண்ணும் ஓடாத தண்ணீருக்குத்தான். 2021 நவம்பரில் பாலாறு வெள்ளமாக ஓடியதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலப்பாடியிலிருந்து: ஒழுகலுக்காகப் பல தடவை சர்வீஸில் விட்டாச்சு. ஒவ்வொரு தடவையும் "சரி பண்ணிட்டோம் சார்" என்று வாட்டர் வாஷ் பண்ணிக் கொடுக்கிறார்கள். அடுத்த மழையில் அதே கதை.

ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது சர்வீஸில் புகாரை எழுதும் சீட்டு) என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "ஜெனரல் செக்கப்" என்று இருந்தால் உங்கள் ஒழுகல் கணக்கிலேயே வராது. "மழையில் இடது முன் கால்மாட்டில் தண்ணீர்" என்று உங்கள் வார்த்தையில் எழுத வைத்து ஒரு நகல் வாங்குங்கள். ஒழுகும்போதே வீடியோ எடுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, உங்கள் முன்னால் தண்ணீர் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் உள்ளே உட்காருங்கள். நனைந்த கார்பெட்டைக் கழற்றிக் காய வைத்தார்களா என்றும் கேளுங்கள். மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் அடியில் உள்ள ஸ்பாஞ்ச் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். வாடையும் துருவும் அங்கேதான் ஆரம்பிக்கும், சீட்டுக்கு அடியில் உள்ள வயர் கனெக்டர்களும் அந்த ஈரத்தில்தான் பச்சை பூக்கும்.

அதற்கும் மசியவில்லை என்றால் கம்பெனிக்கு ஈமெயிலில் எழுதுங்கள், போனில் பேசியது நிற்காது. அதன்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசியாக, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே பேசப்போவது அந்த ஜாப் கார்டு நகல்கள்தான், அதனால் ஒன்றையும் தொலைக்காதீர்கள். இடையில் வெளியே யாரிடமும் சீலன்ட் அடித்துவிடாதீர்கள், "நீங்களே கை வெச்சுட்டீங்க" என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

பேரணாம்பட்டிலிருந்து: அடுத்த வாரம் டெலிவரி. எடுக்கும்போது என்ன பார்க்கணும் அண்ணே?

மாலை, கேக் எல்லாம் அப்புறம். பணம் முழுசாகக் கட்டும் முன்னால், பகலில் போய், ஷவர் டெஸ்ட் (மழை மாதிரி தண்ணீர் அடித்து ஒழுகல் பார்ப்பது) பண்ணித் தரச் சொல்லுங்கள். அந்த வசதி இல்லை என்றால் ஹோஸ் பைப் போதும். முடிந்ததும் நாலு மிதியடியையும் தூக்கி, கார்பெட்டை உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பாருங்கள். பின்கதவு அடியையும் ஸ்டெப்னி பக்கத்து விளக்குகளையும் பாருங்கள், விளக்குக்குள் ஆவி கட்டியிருந்தால் அதையும் அன்றைக்கே எழுதி வாங்கிவிடுங்கள்.